ஒரு மீட்டர் மட்டும் பச்சையாக

ராத்திரி முழுக்க ஊரை ஆட்டி வைத்த காற்று விடியற்காலையில் அடங்கியது. அடங்கிய கையோடு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. மின்சார அலுவலகத்தில் யாருக்கும் உட்கார நேரமில்லை. மரம் விழுந்த தெரு, கம்பம் சாய்ந்த தெரு, கம்பி அறுந்த தெரு என்று போன் மேல் போன். லைன் ஆட்கள் எல்லோரும் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். மாடியில் மீட்டர் பிரிவில் மட்டும் ஒருத்தி இருந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'மீட்டர் மேடம்'. கூரையில் சூரியத் தகடு போடுகிற வீடுகளுக்கு இருவழி மீட்டர் பொருத்திச் சோதித்து முத்திரை வைப்பது அவள் வேலை. பகலில் தகடு தருகிற மின்சாரத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது தெருக் கம்பிக்குப் போகும். இருட்டினால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும். போனதையும் வந்ததையும் மீட்டர் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் பில். "பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்து வாங்குற மாதிரி" என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று பிடிபட்டுவிடும்.

பிடிபடாத விஷயம் வேறு ஒன்று இருந்தது. தெருவில் கரண்ட் போனால் கூரையில் இருக்கிற தகடும் தானாக நின்றுவிடும். தகட்டின் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிக்குள் அதற்கென்றே ஏற்பாடு உண்டு. இதைச் சொன்னதும் எல்லா வீட்டிலும் சண்டைக்கு வருவார்கள். "என் கூரை, என் தகடு, மேல வெயில் கொளுத்துது. எனக்கே கரண்ட் இல்லையா? இது எந்த ஊர் நியாயம்?" அவளும் சளைக்காமல் பதில் சொல்லுவாள். "கரண்ட் போனா எங்க ஆள் கம்பத்துல ஏறுவாருங்க. உங்க வீட்டுக் கரண்ட் வெளிய போய் அவர் பிடிச்சிருக்கிற கம்பியில பாய்ஞ்சா, அவர் வீட்டுக்கு யாருங்க பதில் சொல்றது?"

அன்று அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மீட்டரும் திரையில் ஒரு புள்ளி. உயிரோடு இருந்தால் பச்சை. கரண்ட் போனால் கடைசியாக ஒரு சேதி அனுப்பிவிட்டுச் சாம்பல் நிறமாகிவிடும். எந்தத் தெருவுக்குக் கரண்ட் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் கீழே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. தெருத் தெருவாகச் சாம்பல் புள்ளிகள் பச்சையாகிக்கொண்டு வந்தன.

ஊர்க்கோடியில் இருந்த ஒரு தெருவில் வரிசையாக எல்லாம் சாம்பலாகக் கிடக்க, கடைசியில் ஒரு புள்ளி மட்டும் பச்சையாகியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான். புள்ளியைத் தொட்டாள். மீட்டரின் விவரம் விரிந்தது. அம்புக்குறி வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள்.

"கோடித் தெருவுல யாரு வேலை பார்க்கிறாங்க?"

"ஏணி அண்ணனும் வேன் டிரைவரும்" என்றார் அங்கே இருந்தவர். "கடைசிக் கம்பத்துக்கு முன்னாடி கிளை விழுந்து கம்பி அறுந்திருக்கு. இழுத்துக் கட்டிட்டு இருக்காங்க."

"அங்க ஒரு மீட்டர் உயிரோட இருக்குங்க. வெளிய கரண்ட் போகுது."

"மேடம், டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸைப் பிடுங்கி அண்ணன் கையில கொடுத்தாச்சு. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் கம்பியைத் தரையோட சேர்த்து எர்த்தும் போட்டாச்சு. உங்க மிஷின்தான் ஏதோ உளறுது. காத்துல எதுதான் உளறல?"

"உளறுதோ இல்லையோ, அண்ணனை முதல்ல இறங்கச் சொல்லுங்க. வயர்லெஸ்ல கூப்பிடுங்க!"

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவர் கிண்டலை நிறுத்தியது. "கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

ஏணி அண்ணன் என்பது அவருடைய உயரத்துக்காக வைத்த பெயர். கம்பத்தில் பாதி ஏறினாலே மேலே கை எட்டிவிடும் என்று கேலி பேசுவார்கள். வேலைக்கு ஏறுமுன் செல்போனை வேனில் போட்டுவிட்டு ஏறுகிறவர் அவர். வயர்லெஸ்ஸும் வேனில். டிரைவர் வேனில் இருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அறுந்த கம்பி கிடக்கிற தெருவில் வண்டி நுழையாமல் முனையில் நின்று மறிப்பது அவர் வேலை. இருந்தும் இரண்டு பேருக்கும் மாறி மாறி போன் அடித்தாள். ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது அந்த வீடு. மீட்டர் விவரத்திலேயே போன் நம்பர் இருந்தது. நம்பரைப் பார்த்ததும் வீடும் ஞாபகத்துக்கு வந்தது. அவளே போய் முத்திரை வைத்த வீடு. முன்னறையில் தையல் மிஷின், அதைத் தாண்டி இஸ்திரி மேசை, உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர். லாரி ஓட்டியவர், நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தருகிற மிஷினை மூக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா அன்றைக்கே கேட்டாள். "கரண்ட் போனா இவருக்கு என்னங்க வழி?" பேட்டரியோடு, தெருக் கம்பியைத் தானாகத் துண்டித்துக்கொள்கிற தனிப் பெட்டி ஒன்று உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரர் சரக்கு வரவில்லை, வரவில்லை என்று இழுத்தடிப்பதாக நடுவில் ஒருமுறை போன் வந்தது.

போன் அடித்தது. எடுத்தார்கள்.

"அம்மா, மீட்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க வீட்டுல இப்ப கரண்ட் இருக்கா?"

"இல்லைங்களே. ராத்திரியே போயிடுச்சே."

பின்னால் அந்த மிஷின் மூச்சு விடுகிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, பொய் சொல்லாதீங்க. நான் திட்ட வரல. உங்க மேல கேஸ் போட வரல. தெருவுல எங்க ஆள் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. என்ன பண்ணியிருக்கீங்கன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "நான் என்னங்க பண்றது? ராத்திரி பூரா சிலிண்டர்ல ஓட்டினேன். இப்ப அதுவும் தீர்ந்து போச்சு. இவருக்கு உதடெல்லாம் நீலமாகுது. தம்பி ஒரு பேட்டரிப் பெட்டி வச்சுட்டுப் போயிருந்தான். ரெண்டு முனையிலயும் பின் வச்ச வயர். சுவத்துல சொருகிட்டா வீடு பூரா வரும், வெயில் இருந்தா மாடித் தகடும் சேர்ந்துக்கும்னான். சொருகினேன். வந்துச்சு."

விஷயம் விளங்கிவிட்டது. பேட்டரிப் பெட்டி கொடுத்த மின்சாரத்தைப் பார்த்து, தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்று கூரைத் தகட்டின் பெட்டி ஏமாந்துவிட்டது. வெயிலோ கொளுத்துகிறது. மிஞ்சியதெல்லாம் மீட்டரைத் தாண்டி அறுந்த கம்பியின் முனை வரைக்கும் போய் நிற்கிறது. அந்தத் துண்டுக் கம்பியில் இந்த வீட்டை விட்டால் வேறு வீடே இல்லை. மின்சாரத்தை இழுத்துக் குடிக்க வேறு ஆளில்லாததால் பேட்டரிப் பெட்டியும் தாக்குப் பிடித்து நிற்கிறது. அண்ணன் ஏறுமுன் சோதித்திருப்பார். அப்போது கம்பி செத்துத்தான் கிடந்திருக்கும்.

"சொருகறதுக்கு முன்னாடி மெயினை அணைக்கச் சொன்னானா உங்க தம்பி?"

"சொன்னான்… ஆமா, சொன்னான். பதட்டத்துல நான்…"

"இப்ப அணைங்க. மீட்டருக்குக் கீழ சாம்பல் கலர்ல ஒரு பெட்டி இருக்கும், பக்கவாட்டுல கைப்பிடி. இஸ்திரி மேசைக்குப் பின்னாடி, கதவு மறைவுல."

"அணைச்சா மிஷின் நின்னுடுமே!"

"நிக்காது. மெயினை அணைச்சா தெருதான் பிரியும். வீட்டுக்குள்ள பேட்டரி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"நிச்சயமா சொல்றீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தம்பி எந்த வயரை எங்கே மாட்டியிருக்கிறான் என்று அவள் பார்த்ததில்லை. தெருவை வெட்டிய மாத்திரத்தில் தகட்டின் மின்சாரம் போக இடமில்லாமல் முட்டி, பேட்டரிப் பெட்டி மிரண்டு அணைந்துவிடவும் கூடும்.

"நிச்சயமாத் தெரியாதும்மா" என்றாள். "ஒருவேளை நின்னா, பேட்டரிப் பெட்டியில இருக்கிற பட்டனை மறுபடி அமுக்கினா வந்துடும். நான் போனை வைக்க மாட்டேன். கூடவே இருக்கேன்."

"ஒருவேளையா? என் வீட்டுக்காரர் மூச்சு உங்களுக்கு ஒருவேளையா?"

"கம்பத்துல இருக்கிறவருக்கும் வீடு இருக்குதும்மா."

"இங்க படுத்திருக்கிறதும் ஒரு ஆள்தான்!"

மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. திரையில் பச்சைப் புள்ளி அசையாமல் இருந்தது. இந்தப் பெண் போனை வைத்துவிட்டால் தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

"அம்மா, உங்க ஜன்னலைத் திறந்து பாருங்க. கம்பத்துல ஆள் தெரியுறாரா?"

செருப்புச் சத்தம். ராத்திரிக் காற்றுக்குப் பயந்து சாத்தி வைத்திருந்த ஜன்னல் கிறீச்சிட்டது. பிறகு, வேறு மாதிரிக் குரலில், "ஐயோ, ரொம்பப் பக்கத்துல இருக்காருங்க. ரெண்டு கையும் மேல தூக்கி வச்சிருக்காரு" என்றாள். அடுத்த நொடி, தொண்டை கிழிய ஒரு கத்தல். "அண்ணே! தொடாதீங்க அண்ணே! கையை எடுங்க!"

"கத்தினது போதும், மெயினுக்குப் போங்க! அவருக்குக் கேட்டுச்சோ இல்லையோ!"

தடதடவென்று ஓடுகிற சத்தம். "இங்க துணி மூட்டை அடுக்கியிருக்கு. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம்…" மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. ஏதோ உருண்டது. "கைப்பிடி இறுகிக் கிடக்கு. வரமாட்டேங்குது."

"ரெண்டு கையாலயும் கீழ இழுங்க."

டக்கென்று ஒரு சத்தம்.

அடுத்த கணமே மிஷின் மூச்சு நின்றது. அதற்குப் பதிலாக விடாமல் கீச்சிடுகிற ஒரு அபாய ஒலி.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சுங்க! நான் திரும்பப் போடுறேன்!"

"போடாதீங்க! கைப்பிடியைத் தொடாதீங்க. அதுக்குப் பக்கத்துல சிவப்புக் கைப்பிடி, மாடித் தகட்டோடது, அதையும் கீழ இழுத்துடுங்க. இழுத்தாச்சா? இப்ப பேட்டரிப் பெட்டிக்கு ஓடுங்க. பட்டனை அமுக்கிப் பிடிங்க. அமுக்கிட்டே இருங்க."

பதில் வரவில்லை. கீச்சொலி மட்டும் கேட்டது. அதற்கு நடுவே ஒரு ஆணின் இருமல், காற்றைத் தேடுகிற இருமல். மீட்டர் மேடம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரையில் அந்தப் புள்ளி சாம்பலாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்படக்கூட அவளால் முடியவில்லை. இந்தப் பக்கம் காப்பாற்றப் போய் அந்தப் பக்கம் ஒரு உயிரைத் தன் வாயாலேயே அணைத்துவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கீச்சொலி நின்றது. ஒரு உறுமல். பிறகு மெதுவாக, சீராக, மிஷின் மூச்சுவிடத் தொடங்கியது.

"வந்துடுச்சு" என்றாள் தையல்காரம்மா. குரலே இல்லை.

"மெயினைத் தொடாதீங்க. நான் கிளம்பி வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியில் இறங்கி ஓடினாள்.

கீழே ஒரு ஜீப் நின்றது. கன்ட்ரோல் ரூம்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். வேன் டிரைவர் இன்னும் போனில் கிடைக்கவில்லை என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வழியெல்லாம் கிளைகள் கிடந்தன. ஜீப் ஏறி இறங்கிப் போன ஒவ்வொரு கிளைக்கும் அவள் மனசும் ஏறி இறங்கியது. மீட்டர் அணைந்தது சரி. அதற்கு முன்னாலேயே அண்ணன் தொட்டிருந்தால்? தையல்காரம்மா கத்தியது கேட்டுத் திரும்பும்போதே கை பட்டிருந்தால்? தெரு முனையில் கூட்டம் நிற்குமோ என்று எட்டிப் பார்க்கவே பயந்தாள்.

கூட்டம் இல்லை. கம்பத்தடியில் ஏணி அண்ணன் தரையில் உட்கார்ந்து, நீண்ட கால்களை நடுத்தெரு வரை நீட்டி வைத்திருந்தார். டிரைவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். அண்ணனின் வலது கையில் கையுறை இல்லை. அது அவர் மடியில் கிடந்தது.

"அண்ணே…"

"வேர்வையில வழுக்குச்சு" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "முடிச்சுப் போட வரல. கழட்டிப் பல்லுல கடிச்சுக்கிட்டு இருந்தேன். கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அப்பதான் அந்தம்மா ஊரே கேட்கிற மாதிரி கத்துச்சு." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கைதான்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது நீ முத்திரை வச்ச வீடுதானேம்மா?"

"ஆமாண்ணே."

"நல்லா வச்ச போ."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு இத்தனை சுட்டிருக்காது. அவர் எழுந்து நேரே அந்த வீட்டை நோக்கி நடந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இன்றைக்கு அந்த வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அவளும் பின்னாலேயே ஓடினாள்.

தையல்காரம்மா வாசலில் நின்றாள். கைப்பிடியை இழுத்ததில் விரல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"உள்ள யாரு?" என்று கேட்டார் அண்ணன். அடிக்கப் போகிறவர் கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். சிதறிக் கிடந்த நீல யூனிஃபார்ம்களைத் தாண்டி அவர் உள்ளறை வாசல்வரை போனார். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர், தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மூச்சுக்கு நடுவே, "அளவு எடுக்கணுமா? இவ்வளவு உயரத்துக்கு… துணி… இரட்டையா ஆகும்" என்றார்.

லாரிக்காரர் விளையாட்டாகச் சொன்னாரா, மயக்கத்தில் சொன்னாரா என்று தெரியவில்லை. அண்ணன் வாயில் தயாராக இருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன.

"ஏம்மா" என்றார் கடைசியில், திரும்பி. "தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வேனுல இருந்து ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பேனே."

"நீங்க மேல இருக்கீங்கன்னு சத்தியமாத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா…"

"இந்த பேட்டரி எதுவரைக்கும் தாங்கும்?" என்று அவர் மீட்டர் மேடத்தைக் கேட்டார்.

அவள் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். விளக்குகளில் பாதி அணைந்திருந்தது. "ரொம்ப நேரம் தாங்காதுண்ணே. தகட்டை மறுபடி சேர்த்தா மறுபடி மிரளும். வர்ற வழியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ரெண்டு ரோட்டுலயும் மரம் கிடக்காம், எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல."

அப்படியென்றால் வழி ஒன்றுதான், மறுபடி ஏறி அறுந்த கம்பியைக் கட்டித் தெருக் கரண்டைக் கொண்டுவர வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்தது. டிரைவர் மெல்ல, "வேற கேங்கைக் கூப்பிடட்டுமாண்ணே?" என்றார்.

"அவங்க வர்றதுக்குள்ள இவரு என்ன ஆவாரு?" அண்ணன் கையுறையை எடுத்து உதறினார். பிறகு சாம்பல் பெட்டியின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். "நீ இந்தப் பூட்டுக்குப் பக்கத்துலயே நில்லு" என்றார் மீட்டர் மேடத்திடம். "யாரு வந்தாலும் சரி, உங்க பெரிய ஆபீஸரே வந்தாலும் சரி."

இந்த முறை அறுந்த முனையின் இரண்டு பக்கமும் சோதித்தார். இரண்டு பக்கமும் எர்த் போட்டார். போட்ட பிறகும் மறுபடி சோதித்தார். மேலே ஏறியவர் கம்பியைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் தாமதித்தார். மீட்டர் மேடம் பூட்டருகே நின்றபடியே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை நீண்டது, பின்வாங்கியது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டது, மறுபடி நீண்டது. பிடித்தது.

ஒன்றும் ஆகவில்லை.

தையல்காரம்மா கட்டிலருகே உட்கார்ந்து புருஷனின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். பேட்டரிப் பெட்டியில் இன்னொரு விளக்கு அணைந்தது. பிறகு அதற்கு அடுத்ததும். கடைசி விளக்கு மினுக்க ஆரம்பித்தபோது, எர்த்தை எடுத்து ஃபியூஸைத் திரும்பப் போட்டாயிற்று என்று வெளியே டிரைவரின் விசில் கேட்டது. அண்ணன் வியர்த்து வழிய உள்ளே வந்தார். பெட்டியின் பின்னைச் சுவரிலிருந்து தன் கையாலேயே பிடுங்கினார். மிஷின் மறுபடி கீச்சிட்டது. அவர் பூட்டைத் திறந்து கைப்பிடியை மேலே தள்ளினார். மின்விசிறி அசைந்தது. கீச்சொலி அடங்கி மிஷின் மூச்சு விட்டது. மீட்டரில் எண்கள் நகர ஆரம்பித்தன.

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைப் பார்க்காதது போல வெளியே போய்விட்டார்.

அந்த வீட்டுத் தகட்டின் இணைப்பை மீட்டர் மேடம் அன்றே கழற்றி முத்திரை வைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் மேலே எழுதினாள், தன் பெயரையும் சேர்த்து. அவளுக்குக் கண்டிப்பு வந்தது. தையல்காரம்மாவுக்கு அபராதம் வந்தது, ஆனால் வீட்டு லைனை வெட்டவில்லை. தம்பியைக் கூப்பிட்டு அக்கா என்ன சொன்னாளோ, இரண்டு முனையிலும் பின் வைத்த அந்த வயரைத் துண்டு துண்டாக வெட்டி அவனே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேசை மேல் கொட்டினான். தெருவைத் தானாகத் துண்டிக்கிற அந்தத் தனிப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று மீட்டர் மேடம் கடை கடையாக போன் போட்டு விசாரித்தாள். அது வந்து, மாட்டி, அவளே தெருக் கரண்டை அணைத்து நிறுத்திச் சோதித்த பிறகுதான் தகட்டை மறுபடி சேர்த்தாள். தெரு அணைந்ததும் மீட்டர் சாம்பலானது. உள்ளே மிஷின் ஒரு மூச்சுக்கூடத் தவறாமல் ஓடியது. லாரிக்காரர் அதற்குக் கைதட்டினார்.

ஏணி அண்ணன் கொஞ்ச நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே வந்தால் தலையசைத்துவிட்டுப் போவார். அவளும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒருநாள், மழை நேரத்தில், எங்கோ ஒரு கம்பத்தடியிலிருந்து அவர் போன் வந்தது. எடுத்ததும் வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஏம்மா, உன் திரையில எவனாவது முழிச்சிருக்கானா பாரு."

அவள் அந்தத் தெருவை விரித்து, புள்ளி புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள். "எல்லாரும் தூங்குறாங்கண்ணே. ஏறுங்க."

"போனை வைக்காத" என்றார் அவர். "இறங்கினப்புறம் வை."